இரண்டாவது வார ரத்தம்

யாஆன்,
மார்ச் 9

டாக்டர் பாவ் வென்கை அவர்களுக்கு,

தம்பின்னு எழுதக் கை வரல. அதனால ஷாங்காய்ல உன் அறைக் கதவுல தொங்குற பேரையே எழுதறேன்.

போன்ல உன்னைத் தடுத்து வெச்சுட்டேன். திறந்து விட்டா நாலு வரி எழுதி, கூடவே கைகூப்புற பொம்மை ஒண்ணும் அனுப்புவே. அதைப் பாக்கற தெம்பு எனக்கில்ல. ஏதாவது சொல்லணும்னா காகிதத்துல எழுதி கூரியர்ல அனுப்பு. பிரிக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்.

சாவு அன்னிக்கு உங்கத்தான் படத்துக்கு முன்னாடி நீ ஊதுபத்தியோட வந்து நின்னே. உன் கோட்டைப் பிடிச்சு இழுத்து மழையில தள்ளினேன். ஊரே பாத்துச்சு. பெரியவங்க எல்லாம், "ஹுயிலான், இப்படிப் பண்ணாதம்மா, கூடப் பொறந்தவன்"னு கையைப் பிடிச்சாங்க. அதுக்காக நான் வருத்தப்படறேன்னு நீ நெனச்சா அது உன் தப்பு. இன்னொரு தடவை வந்தாலும் அதான் நடக்கும்.

லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு உங்கத்தான். தூக்கம் வராம அவதிப்பட்டாரு. எங்க ஆஸ்பத்திரியில நான் குடுக்குற ஏழு வேர்க் கஷாயத்தை வெச்சு நீ போன வருஷம் ஆராய்ச்சி ஆரம்பிச்சப்போ, மொத ஆளா பேர் குடுத்தது அவருதான். "என் பொண்டாட்டி காய்ச்சறா, என் மச்சான் ரத்தத்தைப் பாக்கறான், எனக்கென்ன பயம்?"னு சொல்லிட்டுக் கையை நீட்டினாரு.

அப்புறம் உன் கட்டுரை வந்துது. அதுல ஒரு படம் போட்டே பாரு, பச்சையும் நீலமுமா ஆயிரம் புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு. ஒவ்வொரு வேர்ல இருக்கிற சத்தும் உடம்புல எங்கெங்க போய் வேலை செய்யுதுன்னு. யுன்ஹே கம்பெனிக்காரன் அதே கஷாயத்தை மாத்திரையாக்கி, அந்தப் படத்தை டப்பா மேலேயே அச்சடிச்சான். கீழ "கல்லீரலுக்குக் கவசம்"னு ஒரு வரி. உங்கத்தான் அந்த டப்பாவை வேலைக்கு எடுத்துட்டுப் போய் எல்லார்கிட்டயும் காட்டினாரு. "இது என் மச்சான் வரைஞ்சது. உங்களுக்குப் புரியாது. எனக்கும்தான்!"னு சிரிப்பாராம். அவர் கூட வேலை பாத்தவர் சவ ஊர்வலத்துல சொன்னாரு.

கவசம் போட்டவரு கண்ணு மஞ்சளாகி, வயிறு வீங்கி, செங்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்னையே அடையாளம் தெரியாம செத்தாரு. கல்லீரல்தான் போச்சு வென்கை. கல்லீரல்.

சிங்மிங் நீத்தார் நாளுக்குக் கல்லறையைக் கூட்டிப் பெருக்க வராதே. நான் கூட்டிக்கறேன்.

ஹுயிலான்


ஷாங்காய்,
மார்ச் 15

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மழையில் தள்ளியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. தள்ள உனக்கு உரிமை இருந்தது. ஆனால் அத்தானைக் கொன்றவன் என்று ஊர்முன் என்னை அழைக்க உனக்கு உரிமை இல்லை. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் கட்டுரையில் "கவசம்" என்ற சொல்லே கிடையாது. "கல்லீரல் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்று கணிக்கிறோம், மேலும் சோதிக்க வேண்டும்" என்று இருக்கிறது. கணிப்பு என்ற சொல்லைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் டப்பாவில் ஒட்டியவர்கள் யுன்ஹே. அந்த டப்பாவைப் பார்த்த அன்றே நான் சண்டை போட்டேன். "விஞ்ஞானிகளுக்கு விற்பனை புரியாது" என்று சிரித்தார் குவோ, அவர்களுடைய இயக்குநர். அதே டப்பாவை உன் மேசையில் அடுக்கி வைத்து நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்தது யார்? நீதானே? உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?

இன்னொன்று. ஆராய்ச்சியின் பாதியில் ஒன்பது பேர் விலகினார்கள். ஒன்பது பேருக்கும் எதிரில் "சொந்த விருப்பம்" என்று நீ எழுதி அனுப்பினாய். ஏன் விலகினார்கள் என்று ஒருவரையாவது கேட்டாயா? விலகியவர்களின் கடைசி ரத்தம் எனக்கு வரவில்லை. அதனால் அவர்கள் என் கணக்கிலேயே இல்லை. குடித்து நன்றாக இருந்தவர்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தார்கள். நன்றாக இருந்தவர்களை வைத்துக்கொண்டு படம் வரைந்தால் படம் நன்றாகத்தான் வரும்.

உன்னிடம் சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு வேலையும் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் எல்லோரிடமும் ஒரு முறை ரத்தம் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? அதைச் சோதிக்க, ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட யுன்ஹே ஒப்புக்கொள்ளவில்லை. முதலும் கடைசியும் போதும் என்றார்கள். அந்தக் குழாய்கள் இன்னும் உன் ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருக்கின்றன. விலகிய ஒன்பது பேருடையதும் இருக்கிறது. அத்தானுடையதும் இருக்கிறது.

அவற்றை எனக்கு அனுப்பு. அத்தானுடையதைத் தொட உன் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

வென்கை


யாஆன்,
மார்ச் 20

உனக்கு வெக்கமே இல்லையாடா?

மனுஷன் சாம்பலாகி மூணு வாரம் ஆகல, ரத்தம் வேணுமாம். குழாய் குழாயா அனுப்பணுமாம். உசுரோட இருந்தப்போ அவரு உனக்கு ஒரு புள்ளி. செத்தப்புறமும் புள்ளியாத்தான் வேணுமா? தர மாட்டேன். அந்த உறைபெட்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு. என்கிட்டயேதான் இருக்கும்.

ஏன் விலகினாங்கன்னு கேட்டேனான்னு என்னைக் கேக்கறியா? கேட்டேன். தேயிலை கிள்ற சமயம்னு நாலஞ்சு பேர் சொன்னாங்க. மகன் செங்துல இருந்து கூப்பிடறான்னு ஒரு அம்மா சொன்னாங்க. ஒருத்தன், "கசக்குது டாக்டர், குமட்டுது"ன்னான். கஷாயம்னா கசக்கும், குமட்டும், இதைப் போய் எழுதுவாங்களா? எங்க ஊர்க்காரங்க ஒரு டாக்டரோட மருந்து ஒத்துக்கலைன்னு அவங்க முகத்துக்கு நேராச் சொல்ல மாட்டாங்க, இங்கேயே வளர்ந்த உனக்கு அது தெரியாதா? ஷாங்காய் போனதும் மறந்துட்டியா?

என் கஷாயத்துல குத்தமில்ல. அதுல சேர்ற ஹேஷோவு வேரை நான் கருப்பு சோயா தண்ணியில வேக வெச்சு, காய வெச்சு, திரும்ப வேக வெச்சுத்தான் போடறேன். அவசரப்பட்டா அந்த வேர் விஷம்னு எல்லாருக்கும் தெரியும். யுன்ஹேக்காரன் அவசரப்பட்டிருப்பான். உங்கத்தான் ஆராய்ச்சி முடிஞ்சதும் மாத்திரைக்கு மாறினாரு. அந்த மாத்திரைதான் அவரைக் கொன்னுச்சு. உன் படம் அதுக்கு சாட்சி சொல்லுச்சு.

நேத்து குவோ நேர்ல வந்தான். பழக்கூடை, கறுப்புக் கோட்டு, சோகமான மூஞ்சி. எங்க ஆஸ்பத்திரித் தலைவர் அறையில உக்காந்துட்டு என்கிட்ட ஒரு காகிதத்தை நீட்டினான். இறந்தவர் பல வருஷமா தினமும் சாராயம் குடிப்பாரு, கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்துதுன்னு நான் எழுதித் தரணுமாம்.

"அவரு பண்டிகைக்குப் பண்டிகைதான் குடிப்பாரு"ன்னேன்.

"மேடம், எல்லா மனைவிங்களும் அப்படித்தான் நெனைக்கறாங்க"ன்னான்.

தலைவர் ஜன்னலைப் பாத்துக்கிட்டே, "ஹுயிலான், நம்ம துறையே இந்தக் கஷாயத்தை நம்பித்தான் இருக்கு"ன்னாரு.

குவோ எழுந்திரிக்கும்போது ஒண்ணு சொன்னான். "உங்க தம்பி இதுல கையெழுத்துப் போட்டுடுவாரு மேடம். அவரு விவரமானவரு."

போட்டியா? போட்டிருந்தா இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. எனக்குப் புரிஞ்சுடும்.

ஹுயிலான்


ஷாங்காய்,
மார்ச் 26

அக்கா,

போடவில்லை.

இதை நம்பாமல் இருக்க உனக்கு எத்தனை காரணம் இருந்தாலும், குவோ சொன்னதை வைத்து என்னை எடை போட்டாயே, அதை நான் லேசில் மறக்க மாட்டேன். அத்தான் பண்டிகைக்குக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்திவிடுவார். அவர் மிச்சம் வைத்ததைக் குடித்துத்தான் நான் உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மாத்திரைதான் கொன்றது, என் கஷாயம் சுத்தம் என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு நிமிடம் டாக்டராக யோசி. அந்த ஒன்பது பேர் குடித்தது மாத்திரை இல்லை. அப்போது மாத்திரையே வரவில்லை. நீ வேக வைத்து, காய வைத்து, திரும்ப வேக வைத்த வேர்தான். உன் கையால் காய்ச்சியதுதான். அதைக் குடித்துத்தான் குமட்டியது.

கத்து. கத்திவிட்டு மேலே படி.

ஹேஷோவு வேர் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரியாகப் பார்க்கிறது. உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். யாரை உள்ளே விடலாம், யாரை விரட்டலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கு இந்த வேர் உள்ளே போனதும் காவல்காரர்கள் சொந்தக் கல்லீரலையே தாக்குகிறார்கள். அப்படித்தான் என்று நான் சந்தேகப்படுகிறேன். சந்தேகம் மட்டும்தான். இரண்டாவது வார ரத்தம் இருந்தால் உறுதியாகச் சொல்வேன். கல்லீரல் கெடுவதற்கு முன்னால் ரத்தத்தில் பித்த அமிலங்கள் ஏறும், இன்னும் நூறு சின்ன மூலக்கூறுகள் இடம் மாறும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். நான் படித்த படிப்பே அதைப் பார்க்கத்தான். டப்பாவில் ஒட்டுவதற்கு இல்லை.

மரபணு குடும்பத்தில் வரும் அக்கா. அத்தானுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ஷியூமெய்க்குத் தூக்கம் எப்படி இருக்கிறது? பஸ் ஓட்டுகிறவள், காலை ஷிஃப்டுக்கு நாலு மணிக்கே எழுகிறவள், அவள் தூங்க என்ன சாப்பிடுகிறாள் என்று போய்க் கேள்.

இன்னொரு செய்தி. யுன்ஹே எல்லா இடத்துக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் மிச்சமிருக்கும் ரத்தக் குழாய்களை ஏப்ரல் நடுவில் அழித்துவிட வேண்டுமாம். உன் தலைவருக்கும் வந்திருக்கும். அவர் உன்னிடம் காட்டியிருக்க மாட்டார்.

வென்கை


யாஆன்,
ஏப்ரல் 8

வென்கை,

சிங்மிங் அன்னிக்குக் கல்லறையில ஷியூமெய் என் பக்கத்துல நின்னு காகிதக் காசு எரிச்சுட்டு இருந்தா. நெருப்பு வெளிச்சத்துல அவ கண்ணைப் பாத்தேன். மஞ்சளா, இல்ல நெருப்போட நிறமா, எனக்குத் தெரியல. இருபது வருஷமா கண்ணைப் பாத்து நோய் சொல்றவ நான். எனக்குத் தெரியல.

"ஷியூமெய், தூங்கறதுக்கு ஏதாவது சாப்பிடறியா?"ன்னு கேட்டேன்.

"அண்ணன் குடுத்த டப்பாதான் அண்ணி. அது ஒண்ணுதான் கேக்குது. ஏன்?"

அவ கையில இருந்த காகிதத்தைப் பிடுங்கி நெருப்புல போட்டுட்டு, அங்கேயே, அவங்க அண்ணன் கல்லுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொன்னேன். மாத்திரையா, கஷாயமா, எதுவா இருந்தாலும் அது என்கிட்ட இருந்துதான் அவருக்குப் போச்சுன்னும் சொன்னேன். அவ ஓங்கி அறைஞ்சா. கண்ணாடி பறந்து சேத்துல விழுந்துச்சு. சுத்தி நின்ன குடும்பங்க எல்லாம் ஊதுபத்தியைக் கையில வெச்சுட்டு அப்படியே பாத்துட்டு நின்னாங்க.

"எங்கண்ணன் வாந்தி எடுத்துட்டு வாயைக் கழுவிட்டு உன் முன்னாடி வந்து உக்காருவான், தெரியுமா உனக்கு? 'அவகிட்ட சொல்லாத, அவ ஆராய்ச்சி கெட்டுடும்'னு என் வாயை அடைச்சான். தெரியுமா?"

தெரியாது வென்கை. எனக்குத் தெரியாது. அதை எனக்கு எப்படித் தாங்கறதுன்னும் தெரியல. அவர் மேல எனக்கு வர்ற கோபத்தை யார்கிட்டக் கொண்டுபோய்க் கொட்டறது? உன் மேல கொட்டிட்டு இருக்கேன். நீயும் அதுக்குத் தகுதியானவன்தான்.

அறைஞ்சுட்டு அவளே கண்ணாடியை எடுத்துத் துடைச்சுக் குடுத்தா. "ஊசி எங்க வெச்சிருக்க? வா, குத்து"ன்னா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுத்தோம். ரத்தத்துல கல்லீரல் நொதி அளவு இருக்க வேண்டியதை விட ஆறு மடங்கு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அவளும் செங்து கட்டில்லதான். மாத்திரையை நிறுத்தியாச்சு. தினமும் என் முன்னாடி உக்காத்தி வெச்சு கண்ணைப் பாக்கறேன். அவ என்கிட்டப் பேசறதில்ல, ஆனா வர்றா.

அந்த அழிக்கிற கடிதம் வந்திருக்கான்னு தலைவரைக் கேட்டேன். "எதுக்குக் கிளறணும்? செத்தவரு வந்துடுவாரா?"ன்னாரு. "செத்தவரு வர மாட்டாரு. அடுத்தவங்க போயிடுவாங்க"ன்னேன். "சாவியை வெச்சுட்டுப் போ"ன்னாரு. வெச்சுட்டுத்தான் வந்தேன். அதுக்கு முன்னாடியே உறைபெட்டியைக் காலி பண்ணிட்டேன்.

ஆராய்ச்சித் தாள்ல உன் லேப் பேரும் என் பேரும் இருக்கு, இந்தக் குழாய்ங்க உங்கிட்ட வரலாம்னு எழுதியிருக்கு. அதனால திருட்டுன்னு யாரும் சொல்ல முடியாது. சொன்னா சொல்லட்டும். ஷியூமெய் ஒரு வேனை இரவல் வாங்கிட்டு வந்தா. உலர்பனிக்கட்டி போட்ட பெட்டியை நடுவுல வெச்சு செங்து கூரியர் ஆபீஸ் வரைக்கும் ஓட்டினா. அந்தப் புகை மூச்சை அடைக்கும்னு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வெச்சோம். வழி நெடுக மழை. ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சோம்.

பெட்டி உன்கிட்ட வந்திருக்கும். கூட ஷியூமெய் ரத்தமும், உங்கத்தானுக்கு நான் போட்ட சம்மதக் கையெழுத்தும் இருக்கு. இது உனக்காக இல்ல. உன்னை மன்னிச்சதாவும் இல்ல. வேகமாப் பாரு.

ஹுயிலான்


ஷாங்காய்,
ஏப்ரல் 30

அக்கா,

முடிந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அத்தானுக்கு அந்த மரபணு வகை இருந்தது. ஷியூமெய்க்கும் இருக்கிறது. விலகிய ஒன்பது பேரில் ஆறு பேருக்கு இருக்கிறது. அந்த ஆறு பேரின் இரண்டாவது வார ரத்தமும் அத்தானின் ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கின்றன. அதே ரத்தத்தில் வழக்கமான கல்லீரல் பரிசோதனையும் செய்தேன், எல்லோருக்கும் சரியாகவே இருந்தது. உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. யாருடைய கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இந்த ரத்தத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இதைச் சோதிக்க வேண்டாம், செலவு அதிகம் என்று சொன்ன கூட்டத்தில் குவோ தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையை அன்றே அவர் தலையில் உடைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபத்தை ஏற்றும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மற்றவர்களுக்கு உன் கஷாயம் வேலை செய்கிறது அக்கா. பொய்யில்லை. அவர்கள் உண்மையாகவே தூங்குகிறார்கள், ரத்தத்தில் அழற்சி இறங்குகிறது, நான் வரைந்த கோடுகளில் பாதி உண்மையாகவே அங்கே இருக்கின்றன. அது வெறும் விஷமாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பேன். அது மருந்தும்தான். நூறு பேரைக் காப்பாற்றுவது ஏழு பேரைக் கொல்லும், யார் அந்த ஏழு பேர் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும், ஆனால் சொல்லாதே என்கிறார்கள்.

ஆமாம், சொல்லாதே என்கிறார்கள். எங்கள் நிறுவனத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் பெரிய ஆய்வு செய்து, இரண்டு வருடம் கழித்து வெளியிடலாம்" என்றார். "இரண்டு வருடத்தில் எத்தனை டப்பா விற்கும்?" என்று கேட்டேன். அன்றே பத்திரிகைக்கு எழுதி என் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன். புதிய முடிவை மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் என் அட்டை லேப் கதவைத் திறக்கவில்லை. நான்கு மாணவிகள் உள்ளே இருந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். நான் கையசைத்துவிட்டு நூடுல்ஸ் கடையில் போய் உட்கார்ந்தேன்.

மே 18 அன்று செங்துவில் யுன்ஹே பெரிய மாநாடு நடத்துகிறது. தென்மேற்கு மாகாண மருத்துவர்கள் எல்லோரும் வருகிறார்கள். என் பழைய படம் திரையில் வரும். பேச்சாளர் வரிசையில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வாசலில்கூட விட மாட்டார்கள்.

உனக்கு அழைப்பு வந்திருக்கும். நீதானே அந்தக் கஷாயத்தின் டாக்டர்.

போ என்று நான் சொல்லவில்லை. உன் வேலை போகும். என் கோபத்தை நீ சுமக்க வேண்டாம். புதிய படத்தை மட்டும் இதனுடன் வைத்திருக்கிறேன். இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். அத்தானை சிவப்பில் வரைந்திருக்கிறேன்.

வென்கை


யாஆன்,
மே 22

வென்கை,

போனேன். உன் கோபத்தைச் சுமந்துட்டுப் போகல. என்னோடதே எனக்குப் போதும்.

பெரிய ஹோட்டல். வாசல்லயே ஆளுக்கொரு பை, பைக்குள்ள அந்த டப்பா. ஷியூமெய் டிரைவர் சட்டையோடயே கூட வந்தா. "இவங்க யாரு?"ன்னு வாசல்ல கேட்டான். "என் உதவியாளர்"னேன். அவ அந்தப் பையை வாங்கி, டப்பாவை எடுத்து, அவன் முன்னாடியே குப்பைக் கூடையில போட்டுட்டு உள்ள வந்தா.

குவோ மேடையில நின்னு உன் பழைய படத்தைக் காட்டினான். திரை முழுக்க பச்சைப் புள்ளி. "பண்டைய ஞானமும் நவீன அறிவியலும் கைகோத்திருக்கு"ன்னான். எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம், இந்தக் கஷாயத்தைப் பல வருஷமாக் குடுத்துட்டு வர்ற டாக்டர் பாவ் ஹுயிலான் நம்மகூட இருக்காங்க, எழுந்து நிக்கணும்னான். நான் எழுந்திரிப்பேன், தலையாட்டுவேன், உக்காந்துடுவேன்னு நெனச்சுட்டான்.

ஒலிவாங்கியைக் குடுத்தாங்க. கேட்டேன்: "இந்தப் படத்துல என் புருஷன் எங்க?"

சிரிச்சாங்க சிலபேரு. ஏதோ வேடிக்கைன்னு நெனச்சுட்டாங்க.

"இந்த ஆராய்ச்சியில மொத ஆளா ரத்தம் குடுத்தவரு லூ தெஷான், என் புருஷன். பிப்ரவரியில கல்லீரல் போய் செத்தாரு. இயக்குநர் குவோ, நீங்க என் கையில குடுத்த காகிதத்துல அவரைக் குடிகாரர்னு எழுதியிருந்தீங்க. இந்தப் படத்துல அவரை எந்தப் புள்ளியில வெச்சிருக்கீங்க? காட்டுங்க. நான் பாக்கணும்."

அவன், "மேடம், இது அதுக்கான இடமில்ல, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது"ன்னு ஆரம்பிச்சான். ஒலிவாங்கியை அணைச்சுட்டாங்க. அணைச்சா என்ன? ஆஸ்பத்திரி வராந்தாவுல கத்திக் கத்திப் பழகின தொண்டை. நீ அனுப்பின புது படத்தை நூறு பிரதி எடுத்து வெச்சிருந்தேன். ஷியூமெய் வரிசை வரிசையா நடந்து ஒவ்வொரு டாக்டர் மடியிலயும் வெச்சா. பஸ்ல டிக்கெட் குடுக்கற மாதிரி, மூஞ்சைப் பாத்து, "இதுல சிவப்பு எங்கண்ணன். அதுக்குக் கீழ இருக்கறது நான்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டே போனா. ரெண்டு பேர் வந்து அவ கையைப் பிடிச்சாங்க. அவ உதறினா.

வெளிய தள்ளிட்டாங்க எங்களை. ஆனா எங்களுக்குப் பின்னாடியே ஏழெட்டு டாக்டருங்க வந்தாங்க. ஒரு பொண்ணு, லேஷான்ல இருந்து, நடைபாதையிலேயே என்னை நிறுத்தி, "டாக்டர், என்கிட்ட மூணு பேர் இப்படி மஞ்சளா வந்தாங்க. சாதாரண மஞ்சள் காமாலைன்னு எழுதி அனுப்பிட்டேன்"னா.

இப்போ நடப்பு. கண்காணிப்பு அலுவலகம் அந்த மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கு. தடைன்னு சொல்லல, நிறுத்தி வெச்சிருக்கோம்னு சொல்றாங்க. என்னை ஆஸ்பத்திரியில வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. அதுவும் நீக்கம் இல்ல, நிறுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு பேருமே ஒரே நிலைமைதான், நானும் மாத்திரையும். ஷியூமெய்க்கு அளவு இறங்கி சரியாயிடுச்சு. நேத்து மொத தடவையா என்கூடப் பேசினா. "உன் சமையல் எப்பவுமே உப்பு"ன்னா.

சும்மா இருக்க முடியல. ஆத்தோரத்துல ஒரு தேநீர்க் கடையில மேசை போட்டு உக்காந்தேன், ஏழு வேர்க் கஷாயம் குடிச்சவங்க யாரா இருந்தாலும் வந்து கண்ணைக் காட்டுங்கன்னு. தெரு முழுக்க வந்துடுச்சு. வந்தவங்களும் சும்மா வரல, என்னைத் திட்டிட்டே வர்றாங்க. காய்கறிக்காரம்மா குடையால மேசையைத் தட்டறாங்க: "பதினஞ்சு வருஷமாத் தூங்காதவ நான். உன் கஷாயம் குடிச்சுத்தான் கண்ணை மூடினேன். அதை நிறுத்தச் சொல்ல நீ யாரு?" அவங்களுக்குப் பின்னாடி நிக்கிறவன் கத்தறான்: "எங்க அப்பாவைக் கொன்னுட்டு இப்போ கண்ணைப் பாக்க வந்துட்டியா?" ரெண்டு பேரும் சொல்றது நெசம். ரெண்டு பேருக்கும் நான் குடுத்தது ஒரே கஷாயம்.

எல்லாரும் கடைசியில ஒரே கேள்விதான் கேக்கறாங்க. திட்டி முடிச்சு, தேநீர் குடிச்சு, எழுந்து போறதுக்கு முன்னாடி குனிஞ்சு, குரலைத் தாழ்த்தி: "டாக்டர், நான் எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியல. கண்ணைப் பாத்தா தெரியாது, நாடியைப் பிடிச்சா தெரியாது, நாக்கை நீட்டச் சொன்னா தெரியாது. ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும். அது உனக்குத்தான் தெரியும்.

உன்மேல இருக்கற கோபம் போகல. போகும்னும் தோணல. நீ கோபமா இருக்கேன்னும் எனக்குத் தெரியும். இருந்துக்கோ. என் வீட்டுல தங்காதே, ஆத்தோரத்துல விடுதி இருக்கு, அங்க தங்கு. மாணவியை அனுப்பாதே, ரத்தம் எடுக்கக் குழாயை வாங்கிட்டு நீயே வா. உன் லேப் திறக்கலைன்னா வேற லேப் பாரு. காலையில ஏழு மணிக்கு ஜனம் வந்துடும். ஒவ்வொருத்தரா உக்காத்தி, மூஞ்சைப் பாத்து, நீயே உன் வாயால சொல்லு.

அக்கா